டேப்லெட்டில் மெனுவை மாற்ற டீலர் எதற்கு?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் பைப், மோட்டார் கடை வைத்திருக்கிறோம். பில் போடுவதெல்லாம் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில்தான். போன மாதம் பில்லிங் ஆப் அப்டேட் ஆனதிலிருந்து, கீழே வரிசையாக இருந்த மெனு இடது ஓரத்துக்குப் போய்விட்டது. பொள்ளாச்சிப் பக்கத்துக்குச் சரக்கு அனுப்பும்போது போடும் ‘வெளிமாநில பில்’ மூன்று கோட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ‘பில் ரத்து’ மட்டும் கை படுகிற இடத்தில் வந்து நிற்கிறது. கவுண்டரில் இருக்கும் சேச்சிக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், எனக்குத் தமிழ். ஆப்பை விற்ற டீலர் 4,500 ரூபாய் கொடுத்தால் ‘கஸ்டம் மெனு’ போட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? வீட்டில் ஒரு ஐபேட் சும்மா கிடக்கிறது. அதற்கு மாறினால் தொல்லை தீருமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டாண்டு ஒன்று வாங்கி டேப்லெட்டை அதில் நிறுத்துங்கள்.

ஒரு ஆப்பின் மெனுவை, அதைச் செய்த கம்பெனி விட்டுவைத்த அளவுக்குத்தான் மாற்ற முடியும். வெளியாளிடம் அதற்கு மேல் தனிச் சாவி எதுவும் கிடையாது. ஆகவே டீலர் செய்யப்போவது இரண்டில் ஒன்று. உங்கள் டேப்லெட்டில் ஏற்கெனவே இருக்கும் செட்டிங்கை உங்கள் கண்ணில் படாமல் மாற்றிவிட்டுக் காசு வாங்குவார். இல்லையென்றால், கம்பெனி தராத எதையாவது உள்ளே ஏற்றுவார். முன்னதை நீங்களே செய்துகொள்ளலாம். பின்னதை யார் கேட்டாலும் விடக்கூடாது.

மெனு ஓரத்துக்குப் போனது கோளாறு இல்லை. அகலமான திரையில் மெனுவை ஓரத்தில் வையுங்கள் என்று கூகுளே ஆப் செய்கிறவர்களுக்குச் சொல்லிவருகிறது. உங்கள் கம்பெனியும் அந்த அப்டேட்டில் அதைச் செய்திருக்கும். ஆப் திரையின் அகலத்தைப் பார்க்கிறது. போதுமான அகலம் இருந்தால் மெனு ஓரத்தில், குறுகலாக இருந்தால் கீழே. முதலில் டேப்லெட்டை நெட்டுக்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். மெனு கீழே இறங்கினால் வேலை முடிந்தது, அப்படியே நிறுத்தி வைத்துப் பயன்படுத்தலாம். இறங்கவில்லையா, செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே’ போய் ‘ஸ்கிரீன் ஜூம்’ என்பதை ஒரு படி கூட்டுங்கள். சில கம்பெனி டேப்லெட்டுகளில் இதற்கு ‘டிஸ்ப்ளே சைஸ்’ என்று பெயர். பட்டன்கள் எல்லாம் பெரிதாகும். ஆப்பின் கணக்கில் திரை குறுகிவிடும். சின்ன டேப்லெட்டுகளில் பல நேரம் இது ஒன்றிலேயே மெனு பழைய இடத்துக்கு வந்துவிடும். எழுத்து அளவை மட்டும் கூட்டினால் வராது. அது வேறு செட்டிங்.

டீலர்கள் செய்யும் ‘கஸ்டம் மெனு’வில் பாதி இந்த வேலைதான். ஆனால் அவர்கள் நேர்வழியில் போக மாட்டார்கள். ‘பில்டு நம்பர்’ என்று இருப்பதை ஏழு முறை தட்டி ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ என்பதைத் திறப்பார்கள். அதற்குள் திரை அகலத்துக்கு ஒரு எண் இருக்கும், அதை மாற்றுவார்கள். மெனு கீழே இறங்கியதும் நீங்கள் அசந்துபோவீர்கள். அவர் போன பிறகும் அந்தக் கதவு திறந்தே கிடக்கும். மறுநாள் வங்கி ஆப்பைத் திறந்தால், பாதுகாப்பு இல்லை என்று சொல்லி உள்ளே விடாது. பல வங்கி ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் வேலை செய்ய மறுக்கும். அதைச் சரிசெய்ய மறுபடி அவரைக் கூப்பிடுவீர்கள். மறுபடி காசு.

அடுத்தது வரிசை மாற்றுவது. மூன்று இடங்களில் தேடுங்கள். மெனுவில் இருக்கும் ஏதாவது ஒரு படத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தபடி இருங்கள். மூன்று கோட்டைத் தொட்டு, வருகிற பட்டியலைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். ஆப்பின் செட்டிங்ஸுக்குள்ளும் போய்ப் பாருங்கள். ‘எடிட்’, ‘ரீஆர்டர்’, ‘கஸ்டமைஸ்’, ‘ஷார்ட்கட்’ என்ற சொற்களில் ஏதாவது ஒன்று கண்ணில் பட்டால் வசதி இருக்கிறது என்று அர்த்தம். இழுத்து மேலே வைக்க வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பில் ‘மோர்’ என்பதற்குள் போனால் இப்படி இழுத்து மாற்றலாம். முன்வரிசையில் பொதுவாக மூன்றிலிருந்து ஐந்து இடம்தான் இருக்கும், ஒன்றை ஏற்றினால் ஒன்றை இறக்க வேண்டிவரும். மூன்று இடத்திலும் எதுவும் இல்லையென்றால் அந்த ஆப்பில் அந்த வசதி இல்லை, அவ்வளவுதான். டீலர் வந்தாலும் இல்லை, டீலரின் அண்ணன் வந்தாலும் இல்லை.

ஆனால் உங்கள் ‘வெளிமாநில பில்’ விஷயத்தில் மெனுவைத் தொடவே தேவையில்லை என்று நினைக்கிறேன். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு. கேரளாவுக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. வாடிக்கைக்காரரின் ஜிஎஸ்டி எண்ணை ஒருமுறை ஆப்பில் சேர்த்துவிட்டால், பல பில்லிங் ஆப்கள் 33-ஐப் பார்த்ததும் தானாகவே ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான வரிக் கணக்குக்கு மாறிவிடும். எண் இல்லாதவர்களுக்கு வாடிக்கையாளர் விவரத்தில் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கடைக்கே வந்து சரக்கை எடுத்துக்கொண்டு போகிறவருக்கு எந்த வரி, கோபாலபுரம் தாண்டி நீங்கள் அனுப்பும் சரக்குக்கு எந்த வரி என்பதை ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். அது மெனு விஷயம் இல்லை.

‘பில் ரத்து’ பட்டன்தான் உங்கள் கடிதத்தில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது. அதை மெனுவில் எங்காவது ஒளித்துவைத்தால் போதும் என்று தோன்றலாம். போதாது. கதவுக்குத் திரைச்சீலை தொங்கவிட்டால் பூட்டியதாகிவிடுமா? மூன்று கோட்டுக்குள் போட்டாலும் தேடுகிறவர் கைக்கு அது எட்டும். அதற்கு வழி தனி லாகின். உங்களுக்கு ஓனர் லாகின், சேச்சிக்கு பில் மட்டும் போடுகிற லாகின். கவுண்டர் லாகினில் ‘ரத்து’, ‘தள்ளுபடி’, ‘பழைய பில் திருத்தம்’ இந்த மூன்றையும் எடுத்துவிட்டால், நல்ல ஆப்களில் அந்தப் பட்டன்கள் மெனுவிலிருந்தே மறைந்துவிடும். அப்புறம் கை தவறிப் படுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’, ‘ஸ்டாஃப்’, ‘ரோல்’ என்ற பெயர்களில் தேடுங்கள். மாற்றிய பிறகு சேச்சியின் லாகினில் நீங்களே நுழைந்து ஒரு பில்லை ரத்து செய்யப் பாருங்கள். விடுகிறது என்றால் சரியாக மாற்றவில்லை. இதில் இவ்வளவு அழுத்தம் எதற்கு என்றால், பில் எண்கள் விட்டுப்போகாமல் வரிசையாக வர வேண்டும். விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில், போட்ட பில் எத்தனை, ரத்தானது எத்தனை என்று கணக்குக் காட்ட வேண்டும். கை தவறி ரத்தான பில் ஒவ்வொன்றும் மாதக் கடைசியில் உங்கள் ஆடிட்டர் மேசைக்குத்தான் போகும்.

இனி ஐபேட். மெனுவுக்காக மட்டும் மாற வேண்டாம். 2024-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18-இலிருந்து பல ஆப்களில் மெனு மேல் பக்கம் ஒரு பட்டையாக இருக்கிறது. ஓரத்தில் இருக்கும் பக்கப்பட்டியைத் திறந்து ‘எடிட்’ தொட்டால், வேண்டியதை மேல்பட்டைக்கு இழுத்து வைக்கலாம். அங்கேயும் ஆப் செய்தவர் அனுமதித்திருந்தால்தான். ஆனால் ஐபேடில் ஒரு வசதி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ‘கைடட் ஆக்சஸ்’. செட்டிங்ஸில் ‘ஆக்சஸிபிலிட்டி’க்குள் இருக்கும். அதை ஆன் செய்து ஒரு பாஸ்கோடு வையுங்கள். பில்லிங் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மேல் பட்டனை, பழைய மாடலாக இருந்தால் ஹோம் பட்டனை, மூன்று முறை தட்டுங்கள். திரை சற்றுச் சுருங்கி நிற்கும். இப்போது ‘பில் ரத்து’ இருக்கும் இடத்தைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போடுங்கள். அந்த இடம் சாம்பல் நிறமாகும். ‘ஸ்டார்ட்’ கொடுத்தால் அந்த இடத்தில் எவ்வளவு தட்டினாலும் வேலை செய்யாது, அந்த ஆப்பைவிட்டு வெளியேயும் போக முடியாது. வெளியே வர மறுபடி மூன்று தட்டு, பாஸ்கோடு. பட்டனைத் தடுக்க ஆப் செய்தவர் அனுமதியே தேவைப்படாத வழி இது. இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வட்டம் திரையின் இடத்தோடு ஒட்டிக்கொண்டது, பட்டனோடு இல்லை. அடுத்த அப்டேட்டில் பட்டன் வேறு பக்கம் போனால் உங்கள் வட்டம் வெறும் இடத்தைக் காவல் காக்கும். அதைவிட மோசம், ‘சேவ்’ பட்டன் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் பில்லே போட முடியாமல் நிற்பீர்கள். டேப்லெட்டைத் திருப்பினாலும் இதே கதை, அதனால் அதே திரையில் இருக்கும் ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘மோஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். முக்கியமாக, உங்கள் பில் பிரிண்டர் ஐபேடுடன் சேருமா என்று முதலில் பாருங்கள். விலை குறைந்த புளூடூத் பிரிண்டர்களில் பலதும் சேராது. ஆண்ட்ராய்டில் இருக்கும் ‘ஆப் பின்னிங்’ ஒரு ஆப்புக்குள் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். ஆப்புக்குள் இருக்கும் பட்டனை அது தடுக்காது.

மொழி விஷயம் சுலபம். ஆண்ட்ராய்டு 13-இலிருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் தனி மொழி வைக்கலாம். செட்டிங்ஸில் ‘ஆப் லாங்குவேஜஸ்’ என்று தேடுங்கள். டேப்லெட் முழுக்கத் தமிழில் இருக்கட்டும், பில்லிங் ஆப் மட்டும் மலையாளத்தில் இருக்கட்டும். பட்டியலில் உங்கள் ஆப் வரவில்லையென்றால் ஆப்புக்குள்ளேயே மொழி செட்டிங் இருக்கிறதா பாருங்கள், அங்கும் இல்லையென்றால் கம்பெனி அந்த வேலையைச் செய்யவில்லை. தமிழும் மலையாளமும் வைத்தால் மெனுவில் சொற்கள் பாதியில் வெட்டுப்படும். ‘கொள்முதல்’ என்பது ‘கொள்மு…’ என்று நிற்கும். ஆங்கிலத்தில் நாலெழுத்துச் சொல்லை அளந்து பெட்டி செய்கிறவர்களுக்கு நம் சொல்லின் நீளம் தெரிவதில்லை. சேச்சிக்குப் படத்தைக் காட்டிப் பழக்கிவிடுங்கள், இரண்டு நாளில் எழுத்தையே பார்க்க மாட்டார்.

சரி, டீலருக்கு வருவோம். நான் சொன்ன இரண்டாவது வழியை எடுத்தால் அவர் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் ஆப்பை ஏற்றும் ஃபைல், அனுப்புவார். ‘பிளே ஸ்டோரில் இருப்பது பழசு, இது கஸ்டம் வெர்ஷன்’ என்பார். போடும்போது டேப்லெட் எச்சரிக்கும். ‘அது அப்படித்தான் வரும், ஓகே கொடுங்க’ என்பார். கெட்ட ஆப்பைக் கண்டுபிடிக்கும் கூகுளின் ‘பிளே புரொடெக்ட்’டை அணைக்கச் சொல்வார். அப்புறம் ‘ஆக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்கும். அந்த அனுமதி கிடைத்த ஆப்பால் திரையில் நீங்கள் பார்ப்பதையெல்லாம் படிக்க முடியும், உங்களுக்குப் பதிலாகத் தட்டவும் முடியும். வெளியிலிருந்து ஏற்றிய ஆப்புக்கு ஆண்ட்ராய்டு 13-இலிருந்து அது சுலபத்தில் கிடைக்காது. ‘ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்’ என்று சொல்லித் தடுக்கும். அதையும் தாண்டுவதற்கு ஒருவர் உங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் அங்கேயே டேப்லெட்டை வாங்கி வைத்துவிடுங்கள். ‘வீட்டிலிருந்தே சரிசெய்து தருகிறேன்’ என்று தூரத்திலிருந்து இயக்கும் ஆப்பைப் போடச் சொன்னாலும் இதேதான். கடையின் யுபிஐயும் வங்கி ஆப்பும் அதே டேப்லெட்டில் இருக்கும்போது மெனுவுக்காக இதைச் செய்யலாமா? ஏற்கெனவே செய்துவிட்டு, பணம் போயிருந்தால் நேரத்தை வீணாக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

எல்லா டீலரும் திருடர் இல்லை. ஆனால் நல்ல டீலர் கடையிலும் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்று, ஆப்பின் கணக்கே டீலர் பெயரில் இருப்பது. ஆப்பில் ‘ப்ரொஃபைல்’ திறந்து, பதிவான போன் நம்பரும் மின்னஞ்சலும் யாருடையது என்று பாருங்கள். அவருடையதாக இருந்தால் உங்கள் பில்கள், கடன் பாக்கி, வாடிக்கைக்காரர் நம்பர் எல்லாம் அவர் கையில். பேக்கப் அவருடைய கூகுள் டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அவரோடு ஒரு நாள் முட்டிக்கொண்டால் ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும். மெனுவைவிட இதை முதலில் உங்கள் நம்பருக்கு மாற்றுங்கள். ‘அப்புறம் பார்க்கலாம் அக்கா’ என்று இழுத்தால் அவர் எதிரிலேயே உட்கார்ந்து மாற்ற வையுங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஆப் கம்பெனிகள்தான். கடைக்காரர் நாலு வருஷம் கைப்பழக்கத்தில் வைத்திருந்த மெனுவை ஒரு ராத்திரியில் கலைத்துப்போடுகிறார்கள். பழைய வரிசைக்குத் திரும்ப ஒரு பட்டன் வைக்கத் தோன்றுவதில்லை. உதவிக்குக் கூப்பிட்டால் டிக்கெட் எண் வரும், தீர்வு வராது. அந்த இடைவெளியில்தான் இந்த 4,500 ரூபாய் பிழைப்பு நடக்கிறது. ஆனாலும் எழுதுங்கள். ‘மெனு நன்றாக இல்லை’ என்று எழுதாதீர்கள், படிக்கவே மாட்டார்கள். டேப்லெட் மாடல், ஆப் வெர்ஷன் எண், அப்டேட்டுக்கு முன் எந்தப் பட்டன் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, அதனால் எந்த பில் தவறி ரத்தானது, இவ்வளவையும் திரைப் படத்தோடு அனுப்புங்கள்.

பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு, தானாக அப்டேட் ஆவதை அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் நிறுத்திவையுங்கள். நிறுத்திவிட்டு மறந்துவிட வேண்டாம், மாதம் ஒருமுறை நீங்களே அப்டேட் கொடுங்கள். கடை இல்லாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொடுத்தால் எது எங்கே போயிருக்கிறது என்று நிதானமாகத் தேடலாம். திங்கட்கிழமை காலையில் லோடு இறங்கும் நேரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.