பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையை எப்படிக் கழித்தீர்கள்? அது உங்கள் எதிர்காலத் திட்டத்தை மாற்றியதா?

நான் பிளஸ் டூ எழுதியது 2024-இல். மார்ச் 22 கடைசித் தேர்வு, 24 குருத்தோலை ஞாயிறு. தம்பிக்கு ஏப்ரலில்தான் பரீட்சை என்பதால் என்னை மட்டும் தூத்துக்குடியில் பஸ் ஏற்றி ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கூடப் படித்தவர்களில் பலர் அடுத்த வாரமே நீட் பயிற்சிக்குப் போய்விட்டார்கள். நான் கணக்கு, கம்ப்யூட்டர் குரூப். அந்தத் தொல்லை இல்லை. ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர், டைப்பிங் படி என்று சொந்தக்காரர்கள் சொன்னதை எல்லாம் அம்மா தலையாட்டிக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டார். அம்மாவுக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டும்.

ஆச்சி ஊர் இடையன்குடிக்குப் பக்கம். கால்டுவெல் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம், சர்ச்சைக் கோயில் என்போம்) 1841-இல் வந்து இறங்கிய ஊர் அது. நமக்கு அவர் ஒப்பிலக்கணம் எழுதியவர். ஆச்சிக்கோ அவர் தெருவை நேராகப் போட்டுக் கொடுத்த துரை, அவ்வளவுதான். அங்கே அவர் கட்டிய கோயில் 1847-இல் தொடங்கி 1880-இல் முடிந்தது. என் எதிர்காலம் ஒரே கோடையில் முடிவாகிவிட வேண்டும் என்று ஆளாளுக்கு அவசரப்படுத்தியபோது, 33 வருஷம் ஒரு கோயில் கட்டிய மனிதரை நினைத்துக்கொள்வேன்.

ஈஸ்டருக்கு முந்தைய பரிசுத்த வாரம் முழுக்கக் கோயில்தான். எங்கள் பக்கம் பனை ஓலைக்குப் பஞ்சமில்லை. சனிக்கிழமை ராத்திரி ஆச்சி குருத்தோலையைக் கிழித்துச் சின்னச் சின்னச் சிலுவையாகப் பின்னிக்கொண்டே இருந்தார். புனித வெள்ளி அன்று மத்தியானம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மும்மணி ஆராதனை. நல்ல வெயில், கோயில் நிறையக் கூட்டம், மேலே ஓடுகிற ஃபேன் காற்று பெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை. பக்தி பொங்கியது என்று சொன்னால் பொய். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, ‘தாகமாயிருக்கிறேன்’, வந்தபோது எனக்கும் உண்மையாகவே தாகமாக இருந்தது. ஆனால் ஆச்சி மூன்று மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய விசுவாசத்தை நான் அதற்கு முன் இவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை.

வீட்டில் தினமும் ராத்திரி குடும்ப ஜெபம். ஆச்சிக்குக் கண்ணில் புரை, எழுத்து தெரியாது. ஆனாலும் வேதாகமத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டுதான் 91-ஆம் சங்கீதம் சொல்வார், மனப்பாடமாக. நான் ஒரு வார்த்தை மாற்றி வாசித்தால், “ஏட்டி, ஒழுங்காப் பாத்து வாசி” என்பார். ஜெபத்தில் ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஒரு வரி உண்டு. என் முறை வரும்போது, “இந்தப் பிள்ளைக்கு ஏத்த வழியைக் காட்டும் ஆண்டவரே” என்பார். எந்தப் படிப்பு என்று ஒருநாளும் ஆண்டவரிடம் குறிப்பாகச் சொன்னதில்லை. அப்பாதான் குறிப்பாகச் சொல்வார்: கம்ப்யூட்டர் சயின்ஸ்.

காலையில் பதநீர். மாமா பனங்காட்டுக்குப் போகிறபோது நானும் போவேன். ஓலையை மடக்கிக் கட்டிய பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். கலயத்திலிருந்து சாய்க்கும்போது அதில் மிதக்கிற எறும்பை மாமா விரலால் ஒதுக்கிவிடுவார். உள்ளே பூசிய சுண்ணாம்பின் வாடை மெல்லத் தெரியும். அது இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகிவிடும். மாமா தன் பையனைப் பனையேற விடவில்லை. “எங்களோட போகட்டும்” என்று ஒரு நாள் சொன்னார். சோகமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார். எதிர்காலத் திட்டம் பற்றி அந்தக் கோடையில் நான் கேட்ட பேச்சுகளில் எனக்கு அதிகம் உறைத்தது அதுதான்.

மே மாதம் வி.பி.எஸ். தெரியாதவர்களுக்கு: கோடை விடுமுறையில் திருச்சபைகள் பிள்ளைகளுக்கு நடத்துகிற வேதாகமப் பள்ளி. பாட்டு, கதை, மனப்பாட வசனம், கைவேலை, கடைசி நாள் கொடி பிடித்து ஊர்ப் பவனி. காணிக்கையில் பையன்களா பெண்களா என்று போட்டி வேறு. ஆள் பற்றாக்குறை. ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, வீட்டுக்கே வந்து கேட்டதால் மறுக்க முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் வகுப்பு எனக்கு. மே 6, பிளஸ் டூ முடிவு வந்த காலையில் நான் அங்கே சார்ட் பேப்பரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் சுமாருக்கு மேல், அப்பா எதிர்பார்த்ததற்குக் கொஞ்சம் கீழே.

என் வகுப்பில் காது கேளாத ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பாளையங்கோட்டையில் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கும் காது கேளாதோர் பள்ளியின் விடுதியில் தங்கிப் படிப்பவள், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஆக்‌ஷன் பாட்டில் அவள்தான் முதலாள். மற்றவர்கள் கையை ஆட்டுவார்கள், அவள் அந்தக் கையாலேயே பேசினாள். கதை நேரத்தில்தான் சிக்கல். நான் சொல்வது அவளுக்குப் போகவில்லை. படம் வரைந்து காட்டினேன், வாயைப் பெரிதாகத் திறந்து பேசினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து, ‘படகு’ என்பதற்கு இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அப்புறம் ‘புயல்’, ‘பயம்’. வகுப்பே வேலையை விட்டுவிட்டு அவளிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தது. எனக்கு டீச்சர் பட்டம் போனதில் வருத்தமில்லை.

இதை ஆண்டவரின் ‘அழைப்பு’ என்று ஆச்சி சொல்கிறார். சாட்சி சொல்லும் கூட்டத்தில் எழுந்து பேசு என்றும் சொன்னார். எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. வானத்திலிருந்து குரல் எதுவும் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனில் இந்திய சைகை மொழி அகராதியைத் தேடினேன், அவ்வளவுதான். டெல்லியில் உள்ள மத்திய அரசு மையம் வெளியிட்டது, 10,000 சொற்கள், வீடியோவாக இலவசம். தூக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் எந்தப் பாடத்தையும் யாரும் சொல்லாமல் நான் அப்படிப் பார்த்ததில்லை.

காது கேளாத பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னது ஒரு சனிக்கிழமை ராத்திரி, திண்ணையில். முதல் கேள்வி, “சம்பளம் எவ்வளவு வரும்?” நியாயமான கேள்விதான், நான் கோபப்படவில்லை. ஒரு ஆசிரியை அக்காவிடம் பேசித் தெரிந்துகொண்டு பதில் சொன்னேன். சித்தப்பா, “ஊமைப் பள்ளிக்கூடத்து டீச்சரா?” என்றார். அவருக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டார், இங்கே எழுத முடியாத தமிழில். கடைசியில் ஒரு சமரசம்: முதலில் எல்லோருக்கும் புரிகிற ஒரு பட்டம், பிறகு என் விருப்பம். இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பம்கூடப் போடவில்லை. இப்போது பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. முடித்ததும் சிறப்புக் கல்வியில் பி.எட்., செவித்திறன் குறைபாட்டுப் பிரிவு, இரண்டு வருஷம். கணக்குப் பாடத்தைச் சைகையில் நடத்த ஆள் தேவை என்று அந்த அக்கா சொன்னதால் கணிதத்திலும் இப்போது ஒரு பிடிப்பு வந்திருக்கிறது.

இதே யோசனை உள்ளவர்களுக்கு ஒரு விஷயம். சிறப்புக் கல்வி ஆசிரியராக வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கல்லூரி விளம்பரத்தை நம்பாமல், அந்தப் படிப்புக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் தளத்தில் பார்த்துவிட்டுச் சேருங்கள். பிளஸ் டூ முடித்த கையோடு சேரக்கூடிய டிப்ளமோவும் உண்டு. வீட்டில் சரி என்றால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.