இட்லிக்குள் ஒளித்த கேரட்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. ஆட்டிசம் என்று கண்டறிந்து ஒன்றரை வருடம் ஆகிறது. இட்லி, தயிர்சாதம், ஒரே கம்பெனி பிஸ்கட், பால். இவ்வளவுதான் அவன் சாப்பாடு. காய்கறி கொஞ்சம் உள்ளே போகட்டுமே என்று கேரட்டை அரைத்து இட்லி மாவில் கலந்தேன். ஒரு வாய் வைத்ததும் துப்பிவிட்டான். பத்து நாளாக இட்லியையே தொடுவதில்லை. "ரெண்டு நாள் பட்டினி போடு, பசிச்சா தன்னால திம்பான்" என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும்?

பதில்: பட்டினி மட்டும் வேண்டவே வேண்டாம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பசிக்கிறது என்பதே சரியாக உறைப்பதில்லை. உறைத்தாலும், ஒவ்வாததை வாயில் வைப்பதைவிடச் சும்மா கிடப்பதே மேல் என்று இருந்துவிடுவார்கள். எடைதான் இறங்கும்.

அவன் இடத்தில் இருந்து இட்லியைப் பாருங்கள். நேற்றும் வெள்ளை, இன்றும் வெள்ளை. எந்தப் பக்கம் விண்டாலும் ஒரே பதம். தக்காளி அப்படியா? ஒன்று புளிக்கும், ஒன்று இனிக்கும், தோல் ஒரு மாதிரி, உள்ளே கொழகொழ. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியும், கத்தரிக்காயில் தெரியாது. நமக்கு உறைக்காத வாசனையும் சொரசொரப்பும் இவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். 2013-இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு, இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்துவிட்டது.

அவன் நம்பிய இட்லிக்குள் நீங்கள் கேரட்டை ஒளித்தீர்கள். மனம் நோக வேண்டாம். இதைச் செய்து பார்க்காத அம்மாக்கள் குறைவு. ஆனால் இப்போது முதல் வேலை காய்கறி அல்ல, இட்லியை மீட்பது. பழைய மாவு, பழைய தட்டு. மாவு ஊற்றும்போது அவன் பக்கத்தில் நிற்கட்டும். வெந்ததும் மூடியைத் திறந்து காட்டுங்கள். ஒன்றை விண்டு நீங்கள் தின்னுங்கள், அவனுக்கும் ஒன்று வையுங்கள். "ஒரே ஒரு வாய்" என்ற கெஞ்சல் கூடாது. தொடவில்லையா, பேசாமல் எடுத்துவிடுங்கள். சில வாரம் ஆனாலும் ஆகட்டும்.

இட்லி திரும்பிய பிறகு, அதன் ஓரத்திலிருந்தே நகருங்கள். அதே மாவில் மினி இட்லி. அது பழகியதும் சிவக்காத கல்தோசை. பிறகு ஓரம் மட்டும் லேசாகச் சிவந்தது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். கேரட் வரட்டும், ஆனால் தனிக் கிண்ணத்தில், கண்ணெதிரே, இட்லி மேல் படாமல். பார்த்தால் போதும், இன்னொரு நாள் தொடுவான், மோந்து பார்ப்பான், நக்குவான். துப்ப ஒரு கிண்ணம் பக்கத்தில் இருந்தால் வாயில் வைக்கும் தைரியம் வரும். சாதாரணக் குழந்தைக்கே ஒரு புதுப் பண்டம் பழகப் பத்துப் பதினைந்து தடவை ஆவதுண்டு. இவனுக்கு இன்னும் அதிகமாகவே ஆகும்.

பால் எவ்வளவு குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது, ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறையலாம். சாப்பாட்டுக்கு முன் கொடுக்கும் பாலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பாலையும் கோதுமையையும் அடியோடு நிறுத்தினால் ஆட்டிசமே குறையும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை. நாலே பண்டம் தின்கிற பிள்ளையிடம் அதையும் பிடுங்குவானேன்?

இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கேரட்டோடு ஒரு பல்வலியும் சேர்ந்து வந்திருக்கலாம், சொல்லத் தெரியாத பிள்ளை. சொத்தைப் பல், மலச்சிக்கல், எடை, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலோ, கால் வலித்து நடக்க மறுத்தாலோ அன்றைக்கே ஓடுங்கள். பழம், காய் தொடாத பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வருவது இன்றும் நடக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம்) எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளை அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள்.

மாமியாரிடம் வாதாட வேண்டாம். பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இட்லி ஊற்றுகிற வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். மாவில் எதுவும் சேர்க்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள், நெய் உட்பட.