பேரரசர் கேட்டதும் மாகாணங்கள் சொன்னதும்

அன்புள்ள ஐயா,

சீனத்துத் தேர்வு முறையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பரீட்சையில் தேறியவர்களை அதிகாரிகளாக வைத்தே அவ்வளவு பெரிய நாட்டை ஆண்டிருக்கிறார்கள். பேரரசர் சிவப்பு மையில் ஒரு வரி எழுதினால் கடைசி கிராமம் வரைக்கும் அது அப்படியே நடக்கும் என்கிறார் என் நண்பர். அந்த ஒழுங்கு இன்றைக்கு எங்கேயும் இல்லை என்பது அவருடைய ஆதங்கம். அது உண்மைதானா?

கு.

அன்புள்ள கு.,

உத்தரவு கடைசி வரை போய்ச் சேர்ந்தது உண்மைதான். திரும்பி வந்த பதிலில்தான் பிரச்சினை. இதற்கு 1768இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிங் வம்சம் உச்சத்தில் இருந்த காலம், சியான்லாங் பேரரசரின் ஆட்சி.

செஜியாங் மாகாணத்தில் டெச்சிங் என்ற ஊர். அங்கே நீர்வாசலும் பாலமும் இடிந்துபோய், திருப்பிக் கட்டும் வேலையை வூ துங்மிங் என்ற கொத்தனார் எடுத்திருந்தார். ஆற்றுக்குள் மரத்தூண்களை அடித்து இறக்கவேண்டும். ஒருவருடைய பெயரைக் காகிதத்தில் எழுதித் தூணோடு சேர்த்து அடித்தால் அவருடைய உயிர்ச்சக்தி தூணுக்குள் போய்விடும், அவர் நோயில் விழுவார் அல்லது சாவார் என்று அந்தப் பக்கத்து மக்கள் நம்பினார்கள்.

ஒருநாள் ஷென் ஷிலியாங் என்ற விவசாயி இந்தக் கொத்தனாரைத் தேடி வந்தார். கூட இருந்த அண்ணன் மகன்கள் அவரை அடித்து, ஏய்த்து, பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெயர்களை எழுதிய காகிதத்தை நீட்டி, தூணோடு சேர்த்து அடித்துவிடச் சொன்னார். வூ பயந்துபோய் அவரை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார். ஷென்னுக்கு 25 பிரம்படி கொடுத்து அனுப்பினார்கள்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது இந்த ஷென்னைத்தான். வட்டத்து அதிகாரியை மக்கள் ‘தாய் தந்தை அதிகாரி’ என்றே அழைப்பார்கள். ஆனால் அந்தத் தாய் தந்தை சொந்த மாகாணத்தில் வேலை பார்க்கக் கூடாது என்பது சட்டம். வேற்று மாகாணத்திலிருந்து வருவார், ஊர்ப் பேச்சு பல நேரம் புரியாது, சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். நாடு முழுக்கச் சுமார் 1300 வட்டங்கள்; ஒவ்வொன்றிலும் லட்சத்துக்கு மேல் ஜனம். கன்பூசிய நூல்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர்தான், ஆனால் ஊரைத் தெரிந்துகொள்ள அவருக்கு உள்ளூர்க் குமாஸ்தாக்களையும் சேவகர்களையும் விட்டால் வழி கிடையாது. அவர்களுக்கோ பேருக்குத்தான் சம்பளம். மனு கொடுக்க வருகிறவனிடம் வாங்குகிற காசில்தான் அவர்கள் குடும்பம் நடந்தது. ஒரு ஏழை விவசாயிக்கு அந்த வாசலைவிடக் கொத்தனாரின் சம்மட்டி பக்கமாகத் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம் வதந்தி பரவியது. ஆண்களின் சடையை யாரோ வெட்டிக்கொண்டு போகிறார்கள், அந்த முடியை வைத்து ஆன்மாவைத் திருடுகிறார்கள் என்றார்கள். சியாவ்ஷான் என்ற ஊரில் பிச்சையெடுக்க வந்த துறவிகளில் ஒருவர் ஒரு சிறுவனிடம் பேர் கேட்டார். ஆன்மாவைத் திருடத்தான் பேர் கேட்கிறார் என்று ஊரே கூடிப் பிடித்துக்கொண்டது. அந்தத் துறவிகளின் மூட்டையைச் சோதித்தவர் சாய் ரூய் என்ற சேவகர். காசு கேட்டார், கொடுக்க மறுத்தார்கள். உடனே தன் வீட்டில் கிடந்த முடியைக் கொண்டுவந்து சாட்சியப் பொருளாக வைத்துவிட்டார். வட்டத்து விசாரணையில் துறவிகளின் கணுக்காலைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெருக்கினார்கள். வலி தாங்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். மாகாண அளவில் மறுபடி விசாரித்தபோது சேவகரின் பித்தலாட்டம் வெளியே வந்தது. துறவிகளை விட்டுவிட்டார்கள். கேட்டு விசாரிக்க ஒரு நல்ல அதிகாரி இருந்ததால் அவர்கள் பிழைத்தார்கள்.

சரி, இங்கேயே முடிந்திருக்கலாம். மாகாண அதிகாரிகள் இதை வெறும் புரளி என்று மூடிவைத்தார்கள், பேரரசருக்கு எழுதவில்லை. ஆளுநர்கள் பூட்டிய பெட்டியில் நேரடியாக அவருக்குக் கடிதம் அனுப்ப வழி இருந்தும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. கோடைக்காலத்தில் வேறு வழியாக விஷயம் சியான்லாங் காதுக்குப் போனபோது அவருக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. காரணம் இருக்கிறது. முன்நெற்றியை மழித்துப் பின்னால் சடை விடுவது, சீனத்தைப் பிடித்து ஆண்ட சிங் வம்சத்தின் இனமான மஞ்சூக்கள் 1645இல் சீனர்கள்மேல் திணித்த கட்டளை. மறுத்தவர்களின் தலையே போயிருக்கிறது. ஆகவே சடையை வெட்டுவது அரச குடும்பத்தின் கண்ணுக்குக் கலகமாகத் தெரியும். அந்தப் பயத்தை அவர் முதலில் வெளியே காட்டவில்லை. மந்திரவாதிகளைப் பிடியுங்கள், அவர்களுக்குப் பின்னால் இருக்கிற தலைவனைப் பிடியுங்கள் என்றுதான் மாகாணத்துக்கு மாகாணம் உத்தரவு பறந்தது.

உங்கள் நண்பர் சொல்கிற அந்தச் சிவப்பு மை இங்கே வேலை செய்ததைப் பாருங்கள். ஷாண்டோங் ஆளுநர் ஃபுனிஹான் பிச்சைக்காரர்களைப் பிடித்து, தெற்கே இருக்கிற குருமார்கள்தான் அனுப்பினார்கள் என்று வாக்குமூலம் வாங்கி அனுப்பினார். பேரரசர் அதை நம்பினார். கைது செய்து அனுப்பாத ஆளுநர்களுக்கு ‘நீ சோம்பேறி, மறைக்கிறாய்’ என்கிற தொனியில் பதில் போனது. அதற்கப்புறம் யார்தான் சும்மா இருப்பார்கள்? வீடு வாசல் இல்லாதவர்கள், ஊர் ஊராகப் போகிற துறவிகள், பிச்சைக்காரர்கள், கேட்க ஆள் இல்லாத எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். சிலர் காவலிலேயே செத்தார்கள்.

முக்கியக் கைதிகளைத் தலைநகருக்குக் கொண்டுவந்து உயர் அமைச்சர்கள் விசாரித்தபோது எல்லாம் உடைந்தது. பிச்சைக்காரர்கள் சொன்ன பெயர்களெல்லாம் அடி தாங்காமல் சொன்னவை. மந்திரவாதித் தலைவன் என்று ஒருவன் இருக்கவே இல்லை. நவம்பர் தொடக்கத்தில் வேட்டையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தப்பு தன்னுடையது என்று பேரரசர் சொல்லவில்லை. ஆரம்பத்திலேயே ஒழுங்காக விசாரிக்காத மாகாண அதிகாரிகள்மேல் பழி போனது. ஃபுனிஹானுக்குப் பதவி இறக்கம்.

பேரரசர் வேகமான பதிலை எதிர்பார்த்தார், அது வேகமாகவே வந்தது. முழுக்கப் பொய்யாக வந்தது. நாலாயிரம் வருட நாகரிகம், கடுமையான பரீட்சை, நேரடிக் கடிதம் எல்லாம் இருந்தும் அப்படித்தான் வந்தது. வசந்தகாலத்தில் சியாவ்ஷான் துறவிகளைக் காப்பாற்றியது எந்தச் சிவப்பு மையும் இல்லை. கைதி சொல்வதையும் சேவகர் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்ட ஒரு விசாரணைதான். அந்த நேரம் கோடையில் யாருக்கும் கிடைக்கவில்லை.

அன்புடன்.