மலையேற்றம் கற்பிக்கும் வேலையில் சேர விரும்பும் மகள்: லண்டன் தாயார் ஒருவருக்கு மறுமொழி

மதிப்புக்குரிய அம்மா,

ஏ லெவல் என்னும் பள்ளி இறுதித் தேர்வை முடித்த உங்கள் மகள், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காமல் வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள ஒரு மையத்தில், மலையேற்றம் போன்றவற்றைக் கற்பிக்கும் வெளிக்களப் பயிற்றுநர் தொழிலைப் பழகப் போவதாகச் சொன்ன நாளிலிருந்து உறக்கமில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கவலையில் பாதி நியாயமானது. மறுபாதி, இது தொழிலே அன்று, விடுமுறை விளையாட்டு என்ற எண்ணத்தில் பிறந்தது. அதை முதலில் விட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் இது மூன்றாம் நிலை அப்ரென்டிஸ்ஷிப், அதாவது வேலை செய்தபடியே தொழில் பழகும் பயிற்சி; ஏ லெவலுக்கு நிகரானது. மையம் அவளை ஊழியராகவே ஒப்பந்தம் செய்து அமர்த்தும். பயிற்சிக் கட்டணத்தை அவள் செலுத்த வேண்டியதில்லை. பயிற்சி பெறும் நேரத்துக்கும் சம்பளம் உண்டு. ஆனால் அந்தச் சம்பளம் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி முதலாண்டுப் பயிலுநருக்கான சட்டபூர்வக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது. மையத்திலேயே தங்கினால் தங்குமிடத்துக்காக நாளொன்றுக்கு 10.66 பவுண்டு வரை அதிலிருந்து கழிக்கலாம் என்றிருந்ததால், வாரம் 37.5 மணி நேரம் உழைத்துப் பெற்ற 283 பவுண்டில் ஏறத்தாழ 75 பவுண்டு அப்படியே போய்விட்டது. அவளுக்காக நீங்கள் சைல்ட் பெனிஃபிட் என்னும் அரசு உதவித்தொகையைப் பெற்றுவந்தால் அதுவும் நின்றுவிடும்.

ஆபத்தைப் பற்றிய உங்கள் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் வளைகுடாவில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஓட்டச் சென்ற பிளிமத் பள்ளி மாணவர்கள் நால்வர் உயிரிழந்தார்கள். உடன் சென்ற பயிற்றுநர்களுக்குப் போதிய அனுபவம் இருக்கவில்லை. அதன் விளைவாக 1995இல் தனிச் சட்டமே வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் பெற்றுப் பாறையேற்றம், குகைப் பயணம், மலைநடை, நீர் விளையாட்டு ஆகியவற்றை நடத்தும் நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற ஏற்பாடு அதிலிருந்து பிறந்ததே. ஆகவே அந்த மையத்திடம் உரிமம் உள்ளதா என்று முதலில் பாருங்கள்.

பிறகு ஒரு நாள் நேரில் சென்று, பாறையேற்றம் பழகும் ஏறுசுவரின் அடியில் நின்று கவனியுங்கள். நல்ல பயிற்றுநர், பிள்ளை சுவரில் கைவைக்கும் முன் இடுப்புக் கச்சையின் கொக்கியைத் தொட்டு, எட்டு வடிவ முடிச்சின் இழைகளை விரலால் வருடி, கயிற்றை மாட்டும் உலோக வளையமான காரபைனரின் திருகு இறுகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். காலையில் வந்த முதல் பிள்ளைக்குச் செய்ததை, மழையில் விரல் மரத்துப்போன மாலையில் முப்பதாவது பிள்ளைக்கும் ஒன்றுவிடாமல் செய்வார். மற்றவர்களின் பிள்ளைகளுடைய உயிரைக் கையில் வைத்திருக்கும் அந்தப் பொறுப்புத்தான் உங்கள் மகள் கற்கப்போவது. தனியாக ஒரு குழுவை ஒப்படைக்கும் முன் எத்தனை வாரம் அனுபவசாலி ஒருவர் அவளருகில் நிற்பார் என்று கேளுங்கள். தயங்காமல் பதில் வராவிட்டால் வேறு மையத்தைப் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் துறையில் ஒருவரை உயர்த்துவது அப்ரென்டிஸ்ஷிப் மட்டுமன்று, தேசியத் தகுதிகளும்தான். குழுக்களை மலைநடைக்கு அழைத்துச் செல்வதற்கான மவுண்டன் லீடர் தகுதியை எடுத்துக்கொண்டால், ஆறு நாள் பயிற்சிக்கும் ஐந்து நாள் மதிப்பீட்டுக்கும் இடையே அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு, மதிப்பீட்டுக்கு வரும்போது குறைந்தது 40 தரமான மலைநாட்களும், அதாவது மலையில் நடந்து அனுபவம் சேர்த்த நாட்களும், எட்டு இரவுக் கூடார அனுபவமும் பதிவேட்டில் இருக்க வேண்டும். பள்ளிக் குழுக்களுக்குச் சுவரேற்றம் மட்டும் நடத்திக்கொண்டிருந்தால் அந்த நாட்கள் ஒருபோதும் சேரா. பட்டம் வேண்டுமென்றால் பின்னர் கம்ப்ரியா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இதே துறையில் படிக்கலாம். அந்த வழி இன்றோடு அடைபட்டுவிடாது.

மலைநாட்களுக்கு விடுப்பும், பயிற்சி வகுப்புகளுக்கும் மதிப்பீட்டுக்கும் ஆகும் செலவும், குளிர்காலத்தில் குழுக்கள் குறையும்போது அவளுக்கான வேலையும் ஒப்பந்தத்தோடு வரும் பயிற்சித் திட்டத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கையொப்பமிடும் முன் அந்தத் தாள்களை எனக்கு அனுப்புங்கள். உங்கள் மகளையும் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்துப் பார்ப்போம்.