முன்விளக்குச் சுவிச்சை மாற்றுவதற்கு முன்

கேள்வி: என் தந்தையார் ஓடிய மொரிஸ் மைனர் 1000 காரை இப்போது நான் ஓடுகிறேன். டாஷ்போட்டிலுள்ள, இழுத்துப் போடும் வகையான முன்விளக்குச் சுவிச், பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சூடாகிறது. சென்ற வாரம் மாங்குளத்துக்கு அண்மையில் விளக்குகள் அணைந்து, சில கணங்களின் பின் மீண்டும் எரிந்தன. அண்மையில்தான் ஹலோஜன் பல்புகள் போட்டேன். வேறு சுவிச் வாங்கி வைத்திருக்கிறேன், நானே மாற்றலாமா?
- வாசகர், விசுவமடு

பதில்: மாற்றலாம். ஆனால் சுவிச்சை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் போய்விடும். இந்தக் காருக்குரிய 42 உவாற்றுப் பல்புகள் இரண்டும் தூர ஒளியில் ஏறக்குறைய 7 அம்பியர் எடுக்கும். 60 உவாற்று ஹலோஜன்கள் இரண்டும் 10 அம்பியர் எடுக்கும். தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், உங்கள் பழைய சுவிச் முன்னையதைப்போல் இரண்டு மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதனுள்ளே தேய்ந்தும் கறுத்தும் போன செப்புத் தகடுகளுக்கு அது முடியாது.

வேலையைத் தொடங்குமுன் பற்றரியைக் கழற்றுங்கள். மைனரில் முன்விளக்குச் சுற்றுக்குப் பியூஸ் கிடையாது. டாஷ்போட்டின் பின்னால் உயிருள்ள, அதாவது மின் வந்துகொண்டிருக்கும், வயரொன்று காரின் உலோக உடலில் பட்டால், தடுப்பதற்கு எதுவுமின்றி வயரே எரியும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இக்கார்கள் பற்றரியின் நேர் முனை காரின் உடலுடன் இணைந்தவையாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. இன்றைய வாகனங்களில் பழகிய கை எதிர் முனையை முதலில் கழற்றப் போகும். அப்போது ஸ்பனர் உடலில் தட்டினால் பெருந்தீப்பொறி பறக்கும். உங்கள் காரில் எந்த முனை உடலுக்குப் போகிறதோ அதையே முதலில் கழற்றி, கடைசியில் பூட்டுங்கள்.

சுவிச் பிடியின் பக்கத்தில் சிறு துளை தென்பட்டால், மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் ஊசியை அழுத்தியபடி பிடியை இழுத்துக் கழற்றி, பிறகு முகப்பிலுள்ள வளைய நட்டை அவிழ்க்க, சுவிச் டாஷ்போட்டின் பின்பக்கமாக வரும். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எங்கிருந்தது என்று சிறு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள்.

வயர்களின் நிறத்தை நம்பிவிட வேண்டாம். தொழிற்சாலை முறைப்படி தவிட்டு நிறத்தில் நீலக்கோடு உள்ள வயர் மின் கொண்டுவருவது, நீலம் முன்விளக்குக்கு, சிவப்பு பக்க விளக்குக்கு. ஆனால் போரின்போது எரிபொருளுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை இருந்த ஆண்டுகளில், மண்ணெண்ணெயில் ஓடவைத்த கார்களைக் கையில் கிடைத்த வயரைக் கொண்டுதான் நம் மெக்கானிக்மார் ஓட்டத்தில் வைத்திருந்தார்கள். அந்தத் திறமையை நான் மிக மதிக்கிறேன். ஆயினும் அதன் விளைவாக, வன்னியில் அக்காலத்தில் ஓடிய காரில் சிவப்பு வயர் எதையும் சுமந்திருக்கலாம். அதனால் பற்றரியை ஒரு தடவை இணைத்து, சோதனை விளக்கின் ஒரு முனையைக் காரின் உடலில் பிடித்து, எந்த வயர் எப்போதும் உயிருடன் இருக்கிறது என்று கண்டு குறித்துவிட்டு, மீண்டும் கழற்றுங்கள். வயர் முனை வெப்பத்தால் கறுத்திருந்தால், பளிச்சென்ற செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டு இறுக்குங்கள். தளர்ந்த திருகாணியும் உங்கள் விளக்கு அணைந்ததற்குக் காரணமாயிருக்கலாம்.

அதன் பின், தூர ஒளிக்கு ஒன்றும் தாழ் ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்களைப் பூட்டுங்கள். ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிச். தூர ஒளியையும் தாழ் ஒளியையும் மாற்றும், கால் மிதியிலுள்ள டிப் சுவிச்சிலிருந்து வரும் வயர்கள் அந்த ரிலேக்களை இயக்கட்டும். பல்புகளுக்கான மின்னோட்டம் பற்றரியிலிருந்து தடித்த வயரில் நேராகப் போகட்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பியூஸ் வையுங்கள், ஒன்று போனாலும் மற்றது வீதியைக் காட்டும். உள்ளே டயோட், அதாவது மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம், வைத்த ரிலேயை வாங்காதீர்கள். நேர் முனை உடலாயுள்ள காரில் இணைப்பை மாற்றிப் பூட்டிவிட்டால் அது பழுதாகிவிடும். இவ்வளவும் செய்தால் டாஷ்போட் சுவிச்சில் ரிலேக்களுக்கும் பக்க விளக்குகளுக்குமான சிறு மின்னோட்டமே பாயும்.

ரிலே பூட்டும்வரை பழைய பல்புகளையே திரும்பப் போட்டு ஓடுங்கள். இரவில் மாடுகள் படுத்திருக்கும் ஏ9 வீதியில் இன்னொரு தடவை விளக்கு அணைய விடாதீர்கள்.