குஷன் துணியும் கை இழுப்பும்: பூல் டேபிள் கேள்வி-பதில்

டேபிளுக்குச் சொந்தமாகத் துணி மாற்றிப் பார்க்கிறவர்கள் ஸ்லேட் (டேபிளின் கல் பலகை) மேல் விரிக்கும் துணியை எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது குஷனில்தான், அதாவது பந்து பட்டுத் திரும்புகிற ஓரத்து ரப்பர் கட்டையில். இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அதைப் பற்றியவை.

புதுத் துணி போட்டதும் குஷன் மூக்கு (பந்து படும் விளிம்பு) நேர்கோடாக இல்லாமல் அலை அலையாகத் தெரிகிறது. ரப்பர் போய்விட்டதா? (மதுரை)

ரப்பர் மேல் பழி போட வேண்டாம். குஷனைக் கழற்றித் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் நேர் கீழே ஒரு ஸ்டேபிள் இருக்கும். ஒரு பிடி இறுக்கமாக இழுத்திருப்பீர்கள், அடுத்த பிடி தளர்ந்திருக்கும். இறுக்கின இடத்தில் துணி ரப்பரை அமுக்குகிறது. பார்க்க அசிங்கம் என்பதோடு போகாது. அங்கே பட்ட பந்து வேறு கோணத்தில் திரும்பும்.

ஸ்டேபிள்களை மட்டும் பிடுங்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். முதல் ஸ்டேபிள் நடுவில். அதிலிருந்து இடம், வலம் என்று மாறி மாறி முனையை நோக்கிப் போக வேண்டும். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்கு வரிசையாக அடித்துக்கொண்டு போனால் சுருக்கம் முழுக்கக் கடைசி அரை அடியில் சேர்ந்து நிற்கும். துணியை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். உள்ளங்கையை மூக்கின் மேல் பதித்து, சப்பாத்தி மாவை உருட்டுகிற மாதிரி துணியைக் கீழே தள்ளிக்கொண்டு போய் அடியுங்கள். நீளவாக்கில் நன்றாக இழுக்கலாம். மூக்கின் குறுக்கே சுருக்கம் மறைகிற அளவு போதும். ஒரு இன்ச்சுக்கு ஒரு ஸ்டேபிள். மிச்சத் துணியை ஸ்டேபிளை ஒட்டி வெட்டி எடுத்துவிடுங்கள். மரத்துக்கும் ஸ்லேட்டுக்கும் நடுவே அது மாட்டினால் குஷன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

குஷன் மேலே காடியில் (நீளப் பள்ளத்தில்) ஒரு மெல்லிய மரப்பட்டி வந்தது. பழையதையே போடலாமா? எனக்கு அது தளர்வாக உட்காருகிறது. (திருச்சி)

எங்கள் பக்கம் அதை ரீப்பர் என்போம். துணியின் மேல் விளிம்பைக் கவ்விப் பிடிப்பது அதுதான், ஆணியோ பசையோ கிடையாது. உடையாமல் வந்திருந்தால் பழையதையே போடலாம். உங்களுக்குத் தளர்வதற்குக் காரணம் துணி. முன்பு தடித்த ரோமத் துணி இருந்திருக்கும், இப்போது மெல்லிய, ரோமம் எழாத வொர்ஸ்டட் துணி வாங்கியிருப்பீர்கள். காடி அதேதான், நடுவில் இருக்கும் துணி மெலிந்துவிட்டது. ரீப்பரின் பக்கவாட்டில் கெட்டிக் காகிதப் பட்டை ஒன்று ஒட்டிப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, தடித்த துணி போட்டு ரீப்பர் இறங்க மறுத்தால் சுத்தியலால் மொத்தாமல் உப்புத்தாள் போட்டு இழையுங்கள்.

துணியை வைக்கும் முறையும் முக்கியம். நல்ல பக்கம் கீழே பார்க்க, துணியின் பெரும்பகுதி மரத்தின் மேல் கிடக்க, விளிம்பு மட்டும் காடியைத் தாண்டி அரை இன்ச் ரப்பர் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதன் மேல் ரீப்பரை வைத்து, ஒரு சின்ன மரக்கட்டையை இடையில் கொடுத்துத் தட்டி இறக்க வேண்டும். அப்புறம் துணியைப் புரட்டி ரப்பர் மேல் போட்டால் நல்ல பக்கம் மேலே வந்துவிடும். இரண்டு முனையிலும் கடைசி 2 இன்ச்சை அடிக்காமல் விடுங்கள். துணியைப் பாக்கெட் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த மிச்சத்தை இறக்கினால்தான் முனையில் தொளதொளப்பு இருக்காது. துணி புரண்ட பிறகு மரமும் அதுவும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். ஆழமாக இறங்கிவிட்டால் நீளத்துக்கும் ஒரு வாய்க்கால் விழும்.

துணி கொஞ்சம் பற்றாது போலிருக்கிறது. ஒரு குஷனுக்கு மட்டும் அகலவாக்கில் வெட்டிக்கொள்ளலாமா? (கோயம்புத்தூர்)

கூடாது. தொழிலுக்கு வந்த புதிதில் நானே இதைச் செய்திருக்கிறேன். ஒரு கிளப்பில் ஐந்து பட்டை நீளவாக்கில், ஆறாவது குறுக்கே. மாட்டும்போது யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் மேல் விளக்கைப் போட்டதும் அந்த ஒரு குஷன் மட்டும் வேறு பச்சையாக நின்றது. நீளவாக்கிலும் குறுக்கிலும் துணி இழுபடுவது ஒரே மாதிரி இருக்காது. சில வாரத்தில் அது தளரவும் செய்தது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். ஆறு பட்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள். குஷனின் நீளத்தோடு இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பரும் மாற்றினேன். இப்போது வேகமாக அடித்தால் பந்து குஷனில் பட்டுத் துள்ளுகிறது. (சென்னை)

ஒரு ஸ்கேலை எடுத்து, துணி விரித்த ஸ்லேட்டிலிருந்து மூக்கின் நுனி வரை அளந்து பாருங்கள். பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ. மூக்கின் உயரம் அதில் 63.5 சதவீதம், ஒரு சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பது உலக பூல் சங்கத்தின் அளவு. அதாவது 36 மி.மீ.யை ஒட்டி வர வேண்டும். உங்களுடையது அதற்குக் கீழே இருக்கும் என்று நினைக்கிறேன், துள்ளுவது அதனால்தான். உயரம் கூடினால் மூக்கு பந்தை ஸ்லேட்டோடு அமுக்கி வேகத்தைத் தின்றுவிடும். ரப்பரில் கே-66, கே-55 என்று வேறு வேறு வார்ப்புகள் உண்டு. ஒன்றுக்கென்று செதுக்கிய மரத்தில் இன்னொன்றை ஒட்டினால் மூக்கு இடம் மாறிவிடும். கடைக்குப் போகும்போது பழைய ரப்பரில் ஒரு துண்டைக் கையில் கொண்டு போயிருக்கலாம்.

ஒரு குஷன் மட்டும் 'தொப்' என்று சத்தம் போடுகிறது. துணியை இன்னும் இறுக்கட்டுமா? (சேலம்)

துணியை விடுங்கள். முதலில் அடியில் இருக்கும் போல்ட்டுகளைப் பாருங்கள், பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் ரப்பர் மரத்தை விட்டுப் பிரிந்திருக்கும். அல்லது பாக்கெட் பக்கம் ஒட்டியிருக்கும் முனை ரப்பர் பெயர்ந்திருக்கும்.

ஸ்னூக்கர் டேபிளுக்கும் இதே முறைதானா? (ஊட்டி)

ஊரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேன். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிய ஆட்டத்துக்கு எழுத்தில் விதி எழுதி மாட்டியது உங்கள் ஊர் கிளப்பில்தானே!

காடி, ரீப்பர் எல்லாம் ஏறக்குறைய அதேதான். பூல் குஷன் பாக்கெட் வாயில் கத்தியால் வெட்டின மாதிரி கோணமாக முடியும். ஸ்னூக்கரில் அது வளைந்து உள்ளே போகும். தட்டையான துணியை அந்த வளைவில் சுருக்கமில்லாமல் படிய வைப்பதற்குக் கை பழக வேண்டும். முதல் முயற்சியை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டேபிளுக்குப் பதில் பசை போட்டு ஒட்டினால் என்ன? (ஈரோடு)

அடுத்த தடவை துணியை உரிக்கும்போது ரப்பரும் சேர்ந்து வரும்.

குஷன் துணி மட்டும் கிழிந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? (கோலாலம்பூர்)

போதும், ஆனால் நான் செய்வதில்லை. பழைய ஸ்லேட் துணியில் பந்து மெதுவாக ஓடி வந்து, புதுக் குஷனில் வழுக்கிக்கொண்டு போகும். புதுத் துணி பிடிப்பில்லாமல் இருப்பதால் முதல் கொஞ்ச நாள் பந்து திரும்பும் கோணம் அகன்றுதான் வரும். உங்கள் ஊர் ஈரக்காற்றில் பழைய துணியோ எதிர்த் திசையில் இழுக்கும், ஈரம் ஏறிய துணியில் கோணம் குறுகும். இரண்டையும் கணக்குப் போட்டு ஆடுவதற்குள் தலை சுற்றிவிடும். கையில் பணம் சேரும்வரை கிழிந்த குஷனோடு ஆடிவிட்டு, இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.