உயில் வழக்கு இழுத்துக்கொண்டே போனால் யாரிடம் சொல்வது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பா 2017ல் காலமானார். அவர் எழுதி வைத்த உயிலுக்கு புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) கேட்டு 2018ல் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டோம். சித்தப்பா மகன் கேவியட் (தன்னைக் கேட்காமல் புரோபேட் கொடுக்கக் கூடாது என்ற மனு) போட்டார். அன்றிலிருந்து வாய்தா மேல் வாய்தா. நீதிபதிகள் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இப்போது இருப்பவர் எங்கள் வக்கீல் பேசினால் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை, போன மாதம் எங்கள் இடைக்கால மனுவையும் தள்ளுபடி செய்துவிட்டார். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுதினேன், நீதிமன்ற விஷயத்தில் தலையிட முடியாது என்று பதில் வந்தது. இந்த நீதிபதிக்கு மேலே கேட்க யாருமே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென் மாவட்டம்

பதில்: இருக்கிறார்கள் அம்மா. ஆனால் அரசாங்கத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். தனிப்பிரிவிலிருந்து வந்தது சரியான பதில்தான். நாளைக்கே உங்கள் நிலத்தை எடுக்கிறோம் என்று அரசு வந்து நின்றால் நீங்கள் அதே நீதிபதியிடம்தான் போவீர்கள், அவரை அதிகாரி ஒருவர் போனில் கூப்பிட்டுக் கேட்க முடியும் என்றால் உங்கள் கதி என்ன ஆகும்? அதனால்தான் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 235ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்திடம் கொடுத்தது. நீதிபதியை எந்த ஊருக்குப் போடுவது, விடுப்பு, ரகசிய அறிக்கை, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அங்கேதான். வேலையை விட்டே நீக்குவதென்றால் ஆணை ஆளுநர் பெயரில் வரும், ஆனால் உயர் நீதிமன்றம் பரிந்துரைக்காமல் வராது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் பொறுப்பில் இருப்பார், போர்ட்ஃபோலியோ ஜட்ஜ் என்பார்கள்.

நான் பணி ஓய்வு பெறும்வரை நீதிமன்றத்தில் நீதிபதியின் மேடைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவன். போர்ட்ஃபோலியோ ஜட்ஜ் ஆய்வுக்கு வருகிறார் என்றால் ஒரு வாரம் தூக்கம் இருக்காது. பழைய வழக்குக் கட்டுகளை இறக்கித் தூசி தட்டுவோம். புரோபேட் கொடுத்து முடிந்த வழக்குகளின் அசல் உயில்களை நீதிமன்றம்தான் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், வாரிசு உரிமைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. பீரோவைத் திறந்து ஒவ்வொரு உறையாக எடுத்துப் பதிவேட்டோடு ஒத்துப் பார்ப்போம். ஒரு தடவை உறை ஒன்று காணவில்லை. ராத்திரி 9 மணிக்கு அது வேறு வருஷத்துக் கட்டில் கிடைத்தபோது எங்கள் சிரஸ்தார் (அலுவலகத் தலைமை எழுத்தர்) அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே ஒருவர் பார்க்கிறார் என்ற பயம் நீதிமன்றத்துக்குள் நிஜமாகவே உண்டு. மாதாமாதம் எத்தனை வழக்கு முடிந்தது, பழைய வழக்கு எத்தனை பாக்கி என்று மேலே கணக்கும் போகிறது.

சரி, உங்கள் விஷயம். உங்கள் கடிதத்தில் மூன்று குறைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: தாமதம், ஆர்டர், நீதிபதி நடந்துகொள்ளும் விதம். மூன்றுக்கும் வழி வேறு வேறு. மூன்றையும் ஒரே மனுவில் எழுதிப் போட்டால் எதற்கும் பதில் வராது, எத்தனையோ பேர் அப்படி வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

தாமதத்தை முதலில் பாருங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகப் போனது என்று தெரியும். அதில் விவரம் போதவில்லையென்றால் நகல் மனு போட்டு வாங்குங்கள். வாங்கியபின் உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். ஒரு அம்மா என்னிடம் வந்து, ஜட்ஜ் காசு வாங்கிக்கொண்டு இழுக்கிறார் என்று அழுதார். வழக்குக் கட்டை எடுத்துக் காட்டினேன். வரிசையாக ஏழு வாய்தாவில் ‘பேட்டா கட்டப்படவில்லை’ என்று எழுதியிருந்தது. நோட்டீஸ் அனுப்பக் கட்ட வேண்டிய சின்னத் தொகையை அவருடைய வக்கீல் அலுவலகமே கட்டவில்லை. உங்கள் வழக்கிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை, பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்கிறேன். இன்னொன்று, கேவியட் போட்டு உயிலை எதிர்த்துவிட்டால் வாரிசு உரிமைச் சட்டத்தின் 295ஆம் பிரிவின்படி அது தாவா மாதிரியே நடக்கும், எதிருரை, எழுவினா (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை எல்லாம் உண்டு. ஏழெட்டு வருஷம் அதற்கு நியாயமே இல்லை, ஆனால் ஆறு மாதத்தில் முடிகிற காரியமும் இல்லை.

வழக்குக் கட்டைப் பார்த்தபின்னும் நீதிமன்றப் பக்கம்தான் தாமதம் என்று தெரிந்தால், வழக்கு கூடுதல் மாவட்ட நீதிபதியிடம் இருக்கும் பட்சத்தில் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு நிர்வாக ரீதியாக ஒரு மனு கொடுங்கள். அடுத்தது உயர் நீதிமன்றப் பதிவாளர், உங்கள் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை. வக்கீல் மூலம் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் மனு போட்டு, இத்தனை மாதத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள் என்றும் கேட்கலாம். முன்பெல்லாம் அது சுலபமாகக் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கீழ் நீதிமன்றங்களுக்குக் கெடு வைப்பதை அசாதாரணமான வழக்குகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. அதனால் உங்கள் வழக்குக்கு ஏன் அவசரம் என்று எடுத்துக் காட்டியாக வேண்டும்.

அந்த அவசரம் உங்களிடம் இருக்கிறது, நீங்கள்தான் எழுதவில்லை. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இப்போது என்ன வயது? எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் இதுதான். கடன் வழக்கு இழுத்தால் வட்டியாவது ஏறும். உயில் எழுதியவர் ஏற்கெனவே போய்விட்டார், அவர் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்த இரண்டு பேரில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். இரண்டு பேருமே இறந்துவிட்டால் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடி அலைய வேண்டும், எதிர்தரப்பு காத்திருப்பதே சில சமயம் அதற்குத்தான். ஆகவே புகார் மனுவுக்கு முன்னால், இந்த மாதமே, சாட்சியை முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லி உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 18 விதி 16ன் கீழ் மனு போடச் சொல்லுங்கள். அவர் படுக்கையில் இருந்தால் நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனரை வீட்டுக்கே அனுப்பி வாக்குமூலம் வாங்கலாம். இதை நீதிபதி சும்மா கிடப்பில் போட்டால், உயர் நீதிமன்றத்தில் காட்ட அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

தள்ளுபடியான இடைக்கால மனுவுக்கு மேலே போக மேல்முறையீடோ சீராய்வோதான் வழி. தப்பான ஆர்டர் போட்டார் என்று புகார் எழுதினால் பதிவாளர் அலுவலகம் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

கடைசியாக நடத்தை. பணம் கேட்டார், எதிர்தரப்போடு தனியாகப் பேசினார் என்கிற மாதிரி விஷயம் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புப் பிரிவுக்கு எழுதலாம். பெயரும் கையெழுத்தும் வேண்டும், சத்தியப் பிரமாண வாக்குமூலம் இணைக்க வேண்டும், தேதி, நேரம், யார் பார்த்தார்கள் என்று சரிபார்க்கக்கூடிய விவரம் வேண்டும். மொட்டைக் கடுதாசி குப்பைக்குத்தான் போகும். நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் அதை வைத்து விசாரணை நடக்காது. வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றக் கேட்கலாமா என்றால், சட்டத்தில் இடம் இருக்கிறது, நான் வேண்டாம் என்பேன். மாற்று மனு முடியவே பல மாதம் ஆகும், சாட்சிக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: எங்கள் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. அங்கே யார் மேற்பார்வை?
- மயிலாப்பூர் வாசகர்

பதில்: உயர் நீதிமன்ற நீதிபதியை நிர்வாக ரீதியாகக் கேட்கிற மேலதிகாரி கிடையாது. எந்த நீதிபதி எந்த வகை வழக்கைப் பார்ப்பது என்று ஒதுக்குகிற அதிகாரம் மட்டும் தலைமை நீதிபதியிடம் இருக்கிறது. தனி நீதிபதியின் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் இரு நீதிபதிகள் அமர்வுக்கு மேல்முறையீடு. நடத்தை பற்றிய புகார் இந்தியத் தலைமை நீதிபதியின் உள்விசாரணை முறைக்குப் போகும், பதவி நீக்கம் நாடாளுமன்றம் வழியாக மட்டும்தான். அப்புறம், சென்னை உயிலுக்கு புரோபேட் கட்டாயம் என்று சொன்ன 213ஆம் பிரிவு 2025 டிசம்பரில் வாரிசு உரிமைச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் உங்கள் வழக்கைத் தொடர்வதா வேண்டாமா என்று வக்கீலிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கேள்வி: என் தங்கை கணவர் அமெரிக்காவில் கனெக்டிகட்டில் இறந்துவிட்டார். அங்கே புரோபேட் கோர்ட் என்று தனியாகவே இருக்கிறதாம். அந்த நீதிபதி போட்ட ஆர்டர் அநியாயமாக இருக்கிறது, அவருக்கு மேலே ஒரு நிர்வாகி இருக்கிறாராம், அவருக்கு எழுதட்டுமா என்று தங்கை கேட்கிறாள். ஆர்டர் தபாலில் வந்து 12 நாள் ஆகிறது.
- கோவை வாசகர்

பதில்: நிர்வாகி இருப்பது நிஜம். அந்த மாநிலத்தில் புரோபேட் நீதிபதிகளை மக்களே ஓட்டுப் போட்டு நான்கு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். முன்பு 117 நீதிமன்றங்கள் இருந்தன, நீதிபதியின் சம்பளமே வசூலாகும் கட்டணத்தைப் பொறுத்து இருந்தது. 2011ல் அவற்றை 54 ஆகக் குறைத்தார்கள். எல்லாவற்றையும் மேற்பார்க்க புரோபேட் கோர்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒருவரை மாநிலத் தலைமை நீதிபதி நியமிக்கிறார். புரோபேட்டுக்கென்றே ஒரு நிர்வாகி நம் ஊரில் கிடையாது, இருந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ரொம்ப நாளாக நினைக்கிறேன். நடத்தைப் புகாருக்குத் தனியாக ஒரு கவுன்சிலும் அங்கே உண்டு, கண்டிக்கிற அதிகாரம் அதற்கு இருக்கிறது.

ஆனால் இவர்கள் யாராலும் ஆர்டரை மாற்ற முடியாது. அதற்கு சுப்பீரியர் கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும். சொத்து விஷயங்களுக்குக் காலக்கெடு 30 நாள், வேறு சில வகைக்கு 45 நாள். உங்கள் தங்கை நிர்வாகிக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் அந்தக் கெடு ஓடிப்போகும். அங்கேயே ஒரு வக்கீலை இந்த வாரமே பார்க்கட்டும், தபால் உறையைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும், அதில் உள்ள தேதி வேண்டியிருக்கும். பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் நாள் போய்விடுமே என்று இந்தப் பதிலை உங்களுக்கு மின்னஞ்சலில் ஏற்கெனவே அனுப்பிவிட்டேன்.